நிஜாமுத்தீன் பஸ்தி: ஒரு கப்ரைச் சுற்றி ஊர் நிலைப்பது எப்படி?

தில்லி மண்ணில் சுல்தான்கள் கட்டிய தலைநகரங்கள் பல. யமுனைக் கரையில் கைகுபாத் எழுப்பிய கிலோக்ரி இன்று ஊர்ப்பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அலாவுத்தீன் கில்ஜியின் சிரியில் மதில் துண்டுகள் நிற்கின்றன. கியாசுத்தீன் துக்ளக்கின் துக்ளகாபாத்தில் கோட்டை உண்டு, கோட்டைக்குள் நகரம் இல்லை. இதே அரசர்களின் காலத்தில், அரசவையின் தயவை நாடாமல், நகருக்கு வெளியே கியாஸ்பூர் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் ஷெய்கு நிஜாமுத்தீன் அவுலியா. அவர் 1325-இல் மறைந்தார். அவருடைய கப்ரைச் சுற்றி எழுந்த குடியிருப்பில் இன்றும் அடுப்பெரிகிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வாடகைத் தகராறு நடக்கிறது.

இன்றைய நிஜாமுத்தீன் பஸ்தி, கிழக்கே மதுரா சாலைக்கும் வடக்கே லோதி சாலைக்கும் தெற்கே பாராபுல்லா ஓடைக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் சந்துகளின் தொகுதி. மக்கள்தொகை ஏறத்தாழ 20,000 என்று மதிப்பிடப்படுகிறது. ரோஜா இதழும் போர்வையும் அத்தரும் விற்கும் கடைகள், கபாப் அடுப்புகள், விடுதிகள், மதரஸாக்கள், ஒற்றை அறை வீடுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். மதுரா சாலையைக் கடந்தால் ஹுமாயூன் கல்லறையின் விரிந்த தோட்டம். அதற்கு அப்பால் வசதி படைத்தோர் வாழும் நிஜாமுத்தீன் கிழக்கு. தில்லி முழுவதிலும் இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வைக் காண்பது அரிது.

தர்காதான் இந்த ஊரை உண்டாக்கியதா, அல்லது வெவ்வேறு காரணங்களுக்காக வந்து குடியேறியவர்கள் தர்காவைத் தாங்கிப் பிடித்தார்களா என்பது பழைய கேள்வி. பக்தர்கள், அரசவை வரலாற்றாசிரியர்கள், மானிடவியலாளர்கள், நகரத் திட்டமிடுவோர் என்று ஒவ்வொரு தரப்பும் அதற்கு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எதை விளக்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரக்கத் ஈர்த்த ஊர்

முதல் விடை நம்பிக்கையின் விடை. இறைநேசரின் மறைவு முடிவல்ல. அது இறைவனோடு கூடும் நாள். அதனால்தான் அவருடைய நினைவு நாள் உருஸ் எனக் கொண்டாடப்படுகிறது. தமிழகத்தில் அதையே கந்தூரி என்கிறோம். இறைநேசரின் பரக்கத், அதாவது அருள்வளம், அவர் அடங்கிய மண்ணில் தங்குகிறது. அதன் அருகே வாழ்வதும் அடக்கமாவதும் பேறு. தில்லியை இருபத்திரண்டு குவாஜாக்களின் வாசற்படி என்று சொல்லும் மரபும் இந்த நம்பிக்கையில் வேரூன்றியதே.

கல்லறைகளை வைத்துப் பார்த்தால் இந்த விடைக்கு வலு அதிகம். அவுலியாவின் அன்புச் சீடர் அமீர் குஸ்ரோ குருவுக்குப் பின் சில மாதங்களில் மறைந்து அவரருகே அடங்கினார். வருவோர் முதலில் குஸ்ரோவின் கப்ரில் ஃபாத்திஹா ஓதிவிட்டுத்தான் குருவிடம் போக வேண்டும் என்பது இன்றும் பலர் பேணும் ஒழுங்கு. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1681-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கப்ரின் மேல் கூரை இல்லை, மண்ணும் புல்லும்தான். முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவும் அக்பரின் வளர்ப்புத் தந்தை முறையினரான அத்கா கானும் இங்கேதான் இருக்கிறார்கள். 1869-இல் மறைந்த கவிஞர் காலிபின் கல்லறை பஸ்திக்குள் நுழையும் வழியிலேயே இருக்கிறது. 1526-இல் பானிபட்டில் வென்று தில்லிக்கு வந்த பாபர், அவுலியாவின் கப்ரைச் சுற்றி வந்ததைத் தம் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

ஆனால் இறந்தவர்கள் ஏன் இங்கே கூடினார்கள் என்பதற்கான விடை, உயிரோடிருப்பவர்கள் ஏன் கூடினார்கள் என்பதற்கும் விடையாகிவிடாது. தில்லியில் பெரும் இறைநேசர்களின் தர்காக்கள் பல உண்டு. எல்லாவற்றைச் சுற்றியும் இப்படி ஓர் ஊர் வளரவில்லை. அவுலியாவின் தலைமைச் சீடரும் சிஷ்தி என்னும் சூஃபி மரபில் அவருக்குப் பின் வந்தவருமான நஸீருத்தீன் சிராக் தெஹ்லவியின் தர்காவைச் சுற்றி முஹம்மது ஷா 18-ஆம் நூற்றாண்டில் மதிலே எழுப்பினார். அந்த ஊர் இன்றும் சிராக் தில்லி என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் அது தர்காவை நம்பிப் பிழைக்கும் ஊரல்ல. குருவுக்கு உள்ள பரக்கத் சீடருக்கு இல்லை என்று எந்தப் பக்தரும் சொல்லமாட்டார். ஆகவே வேறு காரணங்களும் வேலை செய்திருக்க வேண்டும்.

சான்றுகளின் தன்மையும் ஒரு சிக்கல். அவுலியாவின் உரையாடல்களை அமீர் ஹஸன் ஸிஜ்ஸி 1308 முதல் 1322 வரை தாமே கேட்டு எழுதிய ‘ஃபவாயிதுல் ஃபுஆத்’ நம்பத்தக்க நூல். ஆனால் சிஷ்தி மூத்தோரின் பெயரில் உலவும் பல உரைத்தொகுப்புகள் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று 1950-இல் வரலாற்றாசிரியர் முஹம்மது ஹபீப் வாதிட்டார். அதன்பின், புகழ்பெற்ற கதைகள் பலவற்றைத் தள்ளிவைத்தே ஆய்வு தொடங்க வேண்டியதாயிற்று. பின்னர் வந்த கார்ல் எர்ன்ஸ்ட் போன்றோர், புனைந்த நூலும் அதைப் புனைந்த காலத்தின் நம்பிக்கைக்குச் சான்றுதான் என்று காட்டினார்கள். இந்தத் திருத்தம் ஏற்கத்தக்கதே. எனினும் 13-ஆம் நூற்றாண்டுக் கியாஸ்பூரை அறிய அந்த நூல்கள் உதவமாட்டா.

அரசு எழுப்பிய ஊர்

இரண்டாவது விடை அரசியலின் விடை. கியாஸ்பூர் தனிமையான காடு என்பது பக்திச் சித்திரம், அப்படி இருந்ததில்லை. அருகிலிருந்த கிலோக்ரியில் கைகுபாத் குடியேறினார். 1290-இல் முடிசூடிய ஜலாலுத்தீன் கில்ஜி அங்கிருந்தே ஆண்டார். தலைநகர் பக்கத்தில் வந்ததும் கூட்டம் பெருகியதையும், அதனால் இடத்தை விட்டே போய்விட எண்ணியதையும், மக்களுக்கு நடுவில் இருந்துகொண்டே இறைவனோடு இருப்பதுதான் உயர்ந்தது என்று அறிமுகமில்லாத ஓர் இளைஞர் சொன்னதால் தங்கிவிட்டதையும் அவுலியாவே ஸிஜ்ஸியிடம் கூறியிருக்கிறார். பஸ்தியின் தோற்றம் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் ஆக முக்கியமானது இதுவென்றே சொல்லலாம். நகரத்தை அவர் தேடிப் போகவில்லை. நகரம் அவரைத் தேடி வந்தது. அது கண்டு அவர் விலகிப் போகவும் இல்லை.

அக்கால வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனி தரும் காட்சி இன்னும் துலக்கமானது. தில்லி நகரிலிருந்து கியாஸ்பூர் வரையிலான வழி நெடுகத் தொழுகைக்கான திண்ணைகளும் ஓலைப் பந்தல்களும் அமைக்கப்பட்டன, கிணறுகள் வெட்டப்பட்டன, தண்ணீர்க் குடங்களும் பாய்களும் வைக்கப்பட்டு அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் அமர்த்தப்பட்டார்கள் என்று அவர் எழுதுகிறார். ஷெய்கைக் காணப் போவோருக்கு வழியில் தொழுகை தவறக்கூடாது என்பதற்காக நல்லவர்கள் செய்த ஏற்பாடு அது. ஓர் ஊர் பிறப்பதன் முதல் படி இதில் தெரிகிறது: வீட்டுக்கு முன்பே பாதையும் நீரும் நிழலும் வந்துவிட்டன.

இதை வைத்து ஆய்வாளர்கள் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். காலிக் அஹ்மத் நிஜாமி, சிஷ்திகள் ஆட்சியாளரிடமிருந்து கவனமாக விலகி நின்றதாலேயே மக்களின் நம்பிக்கையைப் பெற்றார்கள் என்றார். சைமன் டிக்பி மாறாக, இறைநேசரின் விலாயத் என்பது நிலப்பரப்பின் மீதான ஆட்சியாகவே அக்காலத்தில் எண்ணப்பட்டது, அதனாலேயே சுல்தானோடு அது மோதவும் கைகோக்கவும் நேர்ந்தது என்று காட்டினார். நிஜாமியின் சித்திரம் அழகானது, ஆனால் முழுமையானதல்ல. கேட்காமல் வந்த காணிக்கைகளைத்தான் அவுலியா ஏற்றார், வந்ததை வந்தபடியே பசித்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கொடுத்தவர்களில் அரசவையினரும் இருந்தார்கள். குஸ்ரோவும் ஸிஜ்ஸியும் அரசவைக் கவிஞர்கள்தான்.

மக்கள் நினைவு இந்தப் போட்டியைத் தன் வழியில் சேமித்து வைத்திருக்கிறது. தர்காவை ஒட்டிய பாவ்லி, அதாவது படிக்கிணறு, 1321-22-இல் வெட்டப்பட்டது. துக்ளகாபாத் கட்டும் ஆட்கள் பகலில் சுல்தானுக்கும் இரவில் ஷெய்குக்கும் வேலை செய்தார்கள், சுல்தான் விளக்கெண்ணெயைத் தடுத்தார், அப்போது கிணற்று நீரே விளக்கில் எரிந்தது என்பது கதை. தில்லி இன்னும் தொலைவில் இருக்கிறது என்று ஷெய்கு சொன்னதாக வழங்கும் வாக்கைப் போலவே இதுவும் பிற்கால வளர்ச்சியாகவே தோன்றுகிறது. ஆனாலும் கூலிக்குச் செய்த கோட்டை வேலையையும் விரும்பிச் செய்த கிணற்று வேலையையும் அது எதிரெதிரே நிறுத்துவதைக் கவனிக்க வேண்டும். உழைத்தவர்களின் பார்வையில் இவ்விடம் யாருடையது என்பதற்கு அந்தக் கதை ஒரு சாட்சி.

ஷெய்கு மறைந்தபின் அரசின் கை வெளிப்படையாகிறது. கப்ரின் மேல் மாடம் எழுப்பியவர் முஹம்மது பின் துக்ளக் என்பர். அவருக்குப் பின் ஆண்ட சுல்தான் பிரோஸ் ஷா, சந்தனக் கதவுகள் அமைத்ததையும் பொன் சங்கிலியில் விளக்குகள் தொங்கவிட்டதையும் தம் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அவருடைய வசீர், வாரங்கலின் காகதீயர் ஆட்சியில் அதிகாரியாக இருந்து தில்லிக்கு வந்த கானே ஜஹான் மக்பூல் தெலுங்கானி, பஸ்திக்குள்தான் அடங்கியிருக்கிறார். அவருடைய எண்கோணக் கல்லறை தில்லிக் கட்டடக் கலையில் புதிய வகையின் தொடக்கம். இன்று வீடுகள் அதை நெருக்கிச் சூழ்ந்துவிட்டன. அவர் மகன் 1370-71-இல் கட்டிய காலான் பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. மதில் சூழ்ந்திருந்த அந்தப் பகுதிக்கு இன்றும் கோட் என்றே பெயர். அவுலியா மறைந்து அரை நூற்றாண்டுக்குள் இங்கே உயர்குடிகளின் குடியிருப்பு உருவாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. இன்று நாம் காணும் தர்காக் கட்டடமோ 1562-ஐ ஒட்டி முகலாயப் பிரபு ஃபரீதூன் கான் எடுப்பித்தது.

அரசியல் விடையின் குறை 1857-இல் தெரிகிறது. செங்கோட்டையை விட்டு வெளியேறிய பகதூர் ஷா ஜஃபர் முதலில் இந்தத் தர்காவுக்கு வந்து, பிறகே ஹுமாயூன் கல்லறைக்குச் சென்று பிடிபட்டார் என்று தர்கா மரபு சொல்கிறது. அதன்பின் போர்வை அனுப்ப அரசர் யாருமில்லை. அரசின் ஆதரவுதான் இந்த ஊரின் உயிர் என்றால், ஊர் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

பீர்சாதாக்களின் ஊர்

அது முடியாமல் போனதற்கு மானிடவியலாளர்கள் காட்டும் காரணம் பீர்சாதாக்கள், அதாவது தர்காவின் பரம்பரைக் காப்பாளர் குடும்பங்கள். அவுலியா மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய உடன்பிறந்தாள் வழியிலும் நெருங்கிய உறவு, சீடர் வழியிலும் வந்ததாகக் கூறும் குடும்பங்கள் தர்காவின் பணிகளையும் காணிக்கைகளையும் முறை வைத்துப் பகிர்ந்து வருகின்றன. வருவோரை வரவேற்று, ஓதி, நேர்ச்சையை வாங்கி, ஏட்டில் பெயர் பதிந்து, உருஸுக்கு அழைப்பு அனுப்பி, அவர்கள் தலைமுறை தலைமுறையாக உறவை வளர்த்தார்கள். 1955-இல் மறைந்த குவாஜா ஹஸன் நிஜாமி இந்தக் குடும்பங்களில் வந்தவர். உருதுவில் ஓயாமல் எழுதியவர். அரசர்கள் இல்லாத காலத்தில் அச்சுப் புத்தகமும் பத்திரிகையும் தர்காவின் புகழை நாடெங்கும் கொண்டுபோக வழி செய்தவர் அவர்.

இந்தக் குடும்பங்களின் உள்வாழ்வைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பட்ரீஷியா ஜெஃப்ரி 1979-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் காட்டிய முரண் இன்றும் உறுத்துகிறது. சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் திறந்த தர்காவின் வருமானத்தில் வாழும் குடும்பங்களின் பெண்கள் கடுமையான பர்தாவில் இருந்தார்கள். தர்காவைத் தாங்கும் வீட்டு வேலைகளை, விருந்தினருக்கான சமையல் உட்பட, அவர்களே செய்தார்கள். வருமானத்தின் மீதோ தர்காவின் முற்றத்தின் மீதோ அவர்களுக்கு உரிமை பெரிதாக இல்லை.

பெண்கள் கப்ருள்ள உள்ளறைக்குள் செல்ல முடியாது என்னும் வழக்கமும் தொடர்கிறது. பளிங்குச் சல்லடைக்கு வெளியே உட்கார்ந்து, அதில் நூல் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். 2018-இல் சட்ட மாணவியர் இதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மும்பை ஹாஜி அலி தர்காவில் இதேபோன்ற தடை செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வழக்கத்தைப் பேணுவோர் அதைத் தொன்மையான மரபு என்கிறார்கள். ஆனால் எல்லோரையும் ஏற்ற ஒருவரின் பெயரால் இந்த வரம்பை நியாயப்படுத்துவது கடினம் என்றே இக்கட்டுரையாளருக்குப் படுகிறது.

பீர்சாதா விடையின் இன்னொரு குறை, அது ஊரை உரிமையாளர்களின் கண்ணால் மட்டும் பார்ப்பது. ரெகுலா குரேஷி 1986-இல் வெளியிட்ட கவ்வாலி ஆய்வு இதைச் சற்றே சமன்செய்தது. வியாழன் இரவில் குஸ்ரோவின் பாடல்களைப் பாடும் கவ்வால்கள் பரம்பரைக் கலைஞர்கள். பீர்சாதாக்களின் சபையில் அவர்கள் பணியாளர்களின் இடத்தில் இருப்பவர்கள். கேட்போரின் நிலை, குறிப்பு, காணிக்கை ஆகியவற்றுக்கேற்ப அவர்கள் பாட்டை நீட்டியும் திருப்பியும் அமைப்பதை அவர் நுணுகிப் பதிவு செய்தார். பூக்கடைக்காரர், லங்கர் என்னும் பொது உணவைச் சமைப்போர், செருப்புக் காப்போர், வாசலில் கையேந்துவோர் ஆகியோருக்கு இப்படி ஓர் ஆய்வு வாய்க்கவில்லை.

நகரம் படைத்த தர்கா

கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுப் பம்பாயை ஆராய்ந்த நைல் கிரீன், ஆலைகளும் துறைமுகமும் இழுத்துவந்த உழைப்பாளர்களின் தேவைகளே அங்கே தர்காக்களையும் அற்புதக் கதைகளையும் பெருக்கின என்கிறார். வேரற்று வந்தவருக்கு நோய் தீர, வேலை கிடைக்க, கப்பல் கரைசேர ஒரு புகலிடம் வேண்டியிருந்தது.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே தெளிவான சான்று இருக்கிறது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். ஆனால் 1828-30 காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் அவர் பெயரால் ஒரு தர்கா கட்டினார்கள். பினாங்கிலும் ஒன்று எழுந்தது. அங்கே ஆண்டகையின் உடல் இல்லை. கடல் கடந்தவர்களின் நன்றியும் நேர்ச்சையும் மட்டுமே இருந்தன. அடக்கமான உடலே இல்லாமலும் ஒரு தர்கா நகரத்தில் நிலைபெற முடியும் என்பது பரக்கத் விடையையும் பீர்சாதா விடையையும் ஒருசேரச் சோதிக்கிறது.

நிஜாமுத்தீனுக்கு இந்த விடையை அப்படியே பொருத்த முடியாது. இங்கே தர்கா தொழில்நகரத்துக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது. ஆனால் இன்றைய பஸ்தியில் வாழ்வோரில் பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். நகரின் நடுவில், ரயில் நிலையத்துக்கு அருகில், உணவும் தொழுகையும் தெரிந்த முகமும் கிடைக்கும் இடம் அவர்களுக்கு வேறு எங்கே?

பிரிவினை வரைந்த எல்லை

மேற்சொன்ன விடைகள் எல்லாம் ஊரைத் தர்காவோடு மட்டும் பொருத்திப் பார்ப்பவை. 1947 அந்தப் பார்வையைக் குலைக்கிறது. அவ்வாண்டின் வன்முறையில் வீடிழந்த முஸ்லிம்கள் புரானா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தில்லியை விட்டு வெளியேறினார்கள். 1941-இல் தில்லி மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் 1951-இல் ஏறத்தாழ 6 சதவீதம் ஆனார்கள். மேற்குப் பஞ்சாபிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த இந்து, சீக்கிய அகதிகளுக்காக நிஜாமுத்தீன் கிழக்கு போன்ற குடியிருப்புகள் எழுந்தன.

வசீரா ஜமீந்தாரும் ஞானேந்திர பாண்டேயும் எழுதிய வரலாறுகளைப் படித்தவர்களுக்கு, தில்லியின் முஸ்லிம் பகுதிகள் வெறும் விருப்பத்தால் உருவானவை அல்ல, அச்சத்தாலும் அரசு ஆணைகளாலும் இறுக்கப்பட்டவை என்பது தெரியும். பஸ்தியும் அதற்கு விலக்கல்ல. பழைய தர்கா ஊர் 1947-க்குப் பின் பாதுகாப்புத் தேடியவர்களின் ஊராகவும் மாறியது. நெரிசலை மரபின் இயல்பாகப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு சிறிய இடத்தில் வாழ்வதற்கு, வேறு இடங்களில் அவர்களுக்கு வீடு மறுக்கப்பட்டதும் காரணம்.

ஒரே சந்தில் இரு அழைப்புகள்

பஸ்திக்குள் தர்காவிலிருந்து சில நிமிட நடையில் பங்ளேவாலி பள்ளிவாசல் இருக்கிறது. உலகெங்கும் பரவிய தப்லீக் ஜமாஅத்தின் மர்கஸ், அதாவது தலைமை மையம், அது. 1920-களின் நடுவில் மேவாத் மக்களிடையே இப்பணியைத் தொடங்கிய மௌலானா முஹம்மது இல்யாஸ் 1944-இல் மறைந்தார். தொழுகை, கலிமா, எளிய வாழ்வு, ஊர் ஊராகச் சென்று அழைத்தல் ஆகியவையே ஜமாஅத்தின் அடிப்படை. கப்ரில் நேர்ச்சை வைப்பதும் இசையோடு திக்ரு செய்வதும் அதன் வழியல்ல. இசையும் வேண்டுதலும் பொங்கும் தர்காவும் அவற்றை ஏற்காத மர்கஸும் ஒரே கடைத்தெருவைப் பகிர்ந்துகொள்கின்றன.

வெளியிலிருந்து எழுதுவோர் இதைச் சூஃபி இஸ்லாமுக்கும் சீர்திருத்த இஸ்லாமுக்கும் இடையிலான போராக வரைவது வழக்கம். அது மிகைப்படுத்தல். இசை கேட்பது ஆகுமா என்ற வழக்கு புதிதல்ல. கியாசுத்தீன் துக்ளக்கின் காலத்தில் உலமாக்கள் கூடிய அவையில் அவுலியாவே நேரில் நின்று இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தியோபந்த் மரபில் வந்த இல்யாஸின் ஆசிரியர்களும் சிஷ்தி தீட்சை பெற்றவர்களே. வேறுபாடு உண்மை, ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள் நெடுநாளாக நடந்துவரும் வழக்கு.

2020 மார்ச்சில் மர்கஸில் நடந்த கூட்டத்துக்குப் பின் கொரோனா தொற்று பலருக்குக் கண்டறியப்பட்டபோது, நிஜாமுத்தீன் என்ற பெயரே குற்றச்சாட்டாக ஒலித்தது. தமிழகத்திலிருந்தும் ஏராளமானோர் அங்கே போயிருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலத்தின் தொற்றுகளில் பெரும்பாலானவை அவர்களோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்டன. சிற்றூர்களில் காய்கறி விற்க வந்த முஸ்லிம்கள்கூட வெறுப்பைச் சந்தித்தார்கள். மர்கஸுக்கும் தர்காவுக்கும் வேறுபாடு தெரியாத செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பின. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலியாடுகளாக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு என்று கூறி அவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. 2025-இல் தில்லி உயர் நீதிமன்றமும் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்த இந்தியர்கள் மீதான குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தது. கொள்கையில் எதிரெதிரே நிற்கும் இரு நிறுவனங்களையும் வெளியுலகின் அச்சம் ஒரே ஊராக்கிவிட்டது. பஸ்தியின் எல்லையை யார் வரைகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடக் கசப்பான விடை இல்லை.

பாரம்பரியச் சொத்தாகும் ஊர்

கடைசியாக வந்த விடை மரபுக் கட்டடப் பாதுகாப்பின் விடை. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தைச் சீரமைத்த பின், 2007-இல் தொல்லியல் துறை, மாநகராட்சி உள்ளிட்ட அரசு அமைப்புகளோடு உடன்படிக்கை செய்து பஸ்திக்குள் வந்தது. 2008-இல் பாவ்லியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தூர் வாரி, சுவரை மீட்டு, அதன் மேல் வீடு கட்டி வாழ்ந்த குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். கல்லை மட்டும் பார்க்காமல் மாநகராட்சிப் பள்ளி, மருத்துவமனை, கழிப்பறை, பூங்கா என்று மக்களின் தேவைகளையும் சேர்த்துக்கொண்டது இத்திட்டத்தின் சிறப்பு. பஸ்திப் பெண்கள் சமைத்து விற்கும் ‘ஜாயிகா-ஏ-நிஜாமுத்தீன்’ குழுவும் இதில் பிறந்தது. பர்தாவுக்குள் கூலியில்லாமல் நடந்த சமையல் இங்கே பெண்கள் கையில் வருமானமாகிறது என்பதை ஜெஃப்ரியின் நூலைப் படித்தவர்கள் மதிக்காமல் இருக்க முடியாது.

இந்த அணுகுமுறையின் குறை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. முகலாயக் கல் பாரம்பரியம். அதன் மேல் 1950-களில் எழுந்த செங்கல் வீடு ஆக்கிரமிப்பு. ஆனால் இங்கே கல்லறையை ஒட்டி வாழ்வது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துவருகிறது. எந்த நூற்றாண்டில் வந்தவர் ஊர்க்காரர், எந்த நூற்றாண்டில் வந்தவர் அத்துமீறியவர் என்பதற்கு வரலாறு அளவுகோல் தருவதில்லை, சட்டம்தான் தருகிறது. அழகுபடுத்தப்பட்ட இடத்தில் வாடகை உயரும், உயர்ந்தால் முதலில் வெளியேறுபவர் குடித்தனக்காரர் என்பது மற்ற நகரங்கள் கண்ட அனுபவம். பஸ்தியில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

தீராதவை

ஒவ்வொரு விடையும் ஊரின் ஒரு காலத்தை நன்றாக விளக்குகிறது. 14-ஆம் நூற்றாண்டுக்கு அரசியல் விடை, 19-க்குப் பீர்சாதா விடை, 1947-க்குப் பின் பிரிவினையின் விடை பொருந்துகின்றன. ஆனால் எதுவும் இந்த எல்லாக் காலங்களையும் சேர்த்துக் கட்டவில்லை. தொடர்ந்து வரும் இழையாக இக்கட்டுரையாளர் காண்பது, வந்தவரைச் சோறில்லாமல் அனுப்பக்கூடாது என்ற கடமையை. கியாஸ்பூரில் அவுலியாவின் கானகாவில், அதாவது சூஃபி மடத்தில், தொடங்கிய அந்தக் கடமை லங்கராகத் தொடர்கிறது. ஏழைகளும் வீடிழந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தேர்ந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்க வாய்ப்புண்டு. இதை நிறுவுவதற்கான சான்று இன்னும் போதாது. லங்கரின் செலவுக் கணக்குகள், யார் எந்த ஆண்டில் எங்கிருந்து வந்தார்கள் என்ற குடியிருப்போர் நினைவுகள், வாடகைச் சீட்டுகள் ஆகியவை முறையாகத் தொகுக்கப்பட வேண்டும்.

பெண்களின் உரிமைக் கேள்வியை நீதிமன்றம் தீர்ப்பதா, தர்காவின் குடும்பங்களே தீர்த்துக்கொள்வதா என்பது அடுத்தது. அவுலியா பெண்களை எப்படி நடத்தினார் என்பதற்குச் சமகால நூல்களில் சான்றுகள் உண்டு. தம்மைத் தனியே வளர்த்த தாய் பீபி ஸுலைகாவின் கப்ருக்குத் துன்பம் வரும்போதெல்லாம் சென்று வேண்டியவர் அவர். அந்தத் தர்கா தில்லியின் அத்சினி கிராமத்தில் இன்றும் இருக்கிறது. பெண்கள் அங்கே திரளாக வருகிறார்கள். தாயின் தர்காவின் வழக்கத்தையும் மகனின் தர்காவின் வழக்கத்தையும் அருகருகே வைத்து ஆராயும் விரிவான நூல் வந்தால் இந்த விவாதம் வேறு தளத்துக்கு நகரும்.

மர்கஸையும் தர்காவையும் இரு தனி உலகங்களாகவே இதுவரையிலான ஆய்வுகள் பெரும்பாலும் படித்திருக்கின்றன. காலையில் மர்கஸில் பயான் கேட்டு, மாலையில் தர்கா வாசலில் பூ விற்று, இரண்டிடத்துக்கும் வருவோரால் பிழைக்கும் கடைக்காரர் தம்மை எந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறார், அல்லது பக்கம் என்று ஒன்றை உணர்கிறாரா என்பதை அவரிடமே கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.